நான் கேஷுவல், மேடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் சாப்பாட்டைப் பாராட்டுவதில்லை. உப்புக் குறைந்தால் பேச்சு வரும். காரம் கூடினால் பேச்சோடு இருமலும் வரும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சத்தமும் வராது. தட்டை மட்டும் நீட்டுவோம், இன்னும் கொஞ்சம் சோறு விழும். அவ்வளவுதான். என் அப்பா நாற்பது வருடம் அம்மாவின் கையால் சாப்பிட்டார். ஒருநாள்கூட "நல்லா இருக்கு" என்று சொன்னதில்லை. (சொல்லியிருந்தால், மனுசனுக்குக் காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.)

அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த நான், ஒரு வெள்ளைக்கார அம்மாவின் முன்னால், பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் சாப்பாட்டைப் புகழ்ந்தேன். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வெட்கக்கேட்டைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வெட்கம் போய்க் கோபம்தான் வருகிறது. சரி, வரட்டும்.

அப்போது நான் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவில் வேலை பார்த்தேன். துரைமார் காலம் முடிந்த பிறகு, கொழும்புக் கம்பெனி ஒன்று அதற்குச் சுண்ணாம்படித்து, உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக்கியிருந்தது. சமையலறையில் காய்கறி வெட்டுவது, பாத்திரம் கழுவுவது, விறகு சுமப்பது, குளியலறை அடைத்துக்கொண்டால் குச்சியோடு ஓடுவது எல்லாம் நான்தான். ஆனால் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஒரே ஒரு சொல்தான் இருந்தது. கேஷுவல்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வேலை இருந்தால் வா, இல்லாவிட்டால் போ என்று அர்த்தம். காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு கேட்டால், "நீ கேஷுவல்தானே, தாராளமா போ" என்பார்கள். அந்தத் 'தாராளமா'வைக் கேட்டதும் காய்ச்சல் தானாக இறங்கிவிடும். நான் பதினோரு வருடம் கேஷுவல். பதினோரு வருடம்! அங்கே நட்ட கொய்யாக் கன்று மரமாகி, காய்த்து, குரங்கு தின்று, பட்டும் போய்விட்டது. நான் இன்னும் தற்காலிகமாகவே இருந்தேன்.

பெர்மனன்ட் ஆனால் பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கிடைக்கும். எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் மழைக்கு மூன்று இடத்தில் வாளி வைப்போம். மகள் கவிதா அப்போது நான்காம் வகுப்பு. வாளிகளுக்கு நடுவில் இருந்த காய்ந்த இடத்தில்தான் அவளுடைய கொப்பி புத்தகம் எல்லாம். அந்த இரண்டு அறை எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டு மேசையில் பரிமாறும் வேலை மாணிக்கம் அண்ணனுடையது. அவர் பெர்மனன்ட். வெள்ளைக் கோட்டு அவருக்கு மட்டும்தான். நான் சமையலறை வாசல்வரை தட்டைக் கொண்டு வருவேன்; அதற்கு அந்தப் பக்கம் அவருடைய நாடு.

ஒரு நாள் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கக் கொழும்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். பயணிகளிடம் சாப்பாட்டைப் பற்றி எப்படிப் பேசுவது என்பது பாடம். பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். இடது பக்கத்துக்கு மேலே 'கேஷுவல்' என்று எழுதினார். வலது பக்கத்துக்கு மேலே 'நியூட்ரல்' என்று எழுதினார். எழுதிவிட்டு ஆங்கிலத்தில் அரை மணி நேரம் விளக்கினார். மெனேஜர்தான் மொழிபெயர்ப்பாளர். அவருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. ஆனால் என்னை 'சுப்பையா' என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை 'சேர்' என்பேன்.

மெனேஜர் அந்த அரை மணி நேரத்தை இப்படி மொழிபெயர்த்தார்:

"இந்தப் பக்கம் இருக்கிறது கேஷுவல். அந்தப் பக்கம் இருக்கிறது நியூட்ரல். ரெண்டையும் கலக்கக் கூடாது. அவங்கவங்க இடம் தெரிஞ்சு பேசணும். வெளங்கிச்சா?"

(இதற்குப் பெயர் மொழிபெயர்ப்பாம். இதற்கு அவர் சம்பளம் வேறு வாங்கினார்.)

எனக்கு நன்றாகவே விளங்கியது. நான் கேஷுவல். ஆகவே இடது பக்கத்துச் சொற்கள் எனக்கு. மாணிக்கம் அண்ணன் பெர்மனன்ட். ஆகவே வலது பக்கம் அவருக்கு. 'பெர்மனன்ட்' என்று எழுதாமல் ஏன் 'நியூட்ரல்' என்று எழுதினார் என்றுதான் கொஞ்சம் குழப்பம். இளம் வயதில் நான் வெலிமடையிலிருந்து லீக்ஸும் கிழங்கும் ஏற்றிப் போகும் லொறியில் கிளீனராக இருந்தவன். நியூட்ரல் என்றால் எஞ்சின் ஓடும், வண்டி நகராது. திரும்பி மாணிக்கம் அண்ணனைப் பார்த்தேன். கதிரையில் சாய்ந்து, வாய் மட்டும் அசைய, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். குழப்பம் தீர்ந்தது.

வலது பக்கத்தில் 'டேஸ்டி', 'டிலீஷியஸ்', 'வெரி குட்' என்று இருந்தன. எனக்கு முதல் கோபம் அங்கேதான் வந்தது. 'டேஸ்டி' எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சொல். பிஸ்கட் பக்கற்றில் எழுத்துக்கூட்டிப் படித்தது. எனக்கென்று இருந்த ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லையும் பிடுங்கி நிரந்தரக்காரருக்குக் கொடுத்துவிட்டார்களே என்று இருந்தது. சந்தேகம் கேட்கலாம் என்று கையைத் தூக்கினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன். என் கூச்சம் அப்படி. அந்தக் கையை இன்னும் ஒரு நிமிடம் தூக்கிப் பிடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இடது பக்கத்துச் சொற்களை மட்டும் ஒழுங்காகத் தமிழில் எழுதிக்கொண்டேன். 'யம்மி.' 'அவுட் ஒஃப் திஸ் வேர்ல்ட்', அதாவது இந்த உலகத்திலேயே இல்லாத ருசி. 'டு டை ஃபோர்', அதாவது இதற்காக உயிரையே விடலாம். கடைசிச் சொல்லை அந்த அம்மா நடித்தே காட்டினார். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, பெருமூச்சு விட்டார். நான் அதையும் அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொண்டேன்: 'கண் மூடு. நெஞ்சில் கை. மூச்சு.'

வீட்டில் ஒரு வாரம் பயிற்சி. என் மனைவி செல்வி மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து, ரொட்டி சுட்டுப் போடுவாள். நான் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, "டு டை ஃபோர்" என்பேன்.

"என்னங்க, நெஞ்சு வலிக்கிதா?"

"இல்ல. ரொட்டி நல்லா இருக்குன்னு சொல்றேன்."

"அதுக்கு ஏங்க டைங்கிறீங்க? டைன்னா சாவுறதுதானே? புள்ள புத்தகத்துல கூட இருக்கு."

"இது கேஷுவல் டை. பெர்மனன்டா சாவுறது இல்ல."

செல்வி அடுத்த ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். "எனக்கு என்னமோ சரியா படல" என்றாள். கேட்டேனா? இல்லை. அந்த வயதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. வெளியே ஆட்களைக் கண்டால் குனிந்து போவேன். வீட்டுக்குள் வந்தால் கவர்னர் மாதிரி பேசுவேன். அந்தக் கவர்னரை இப்போது கண்டால் இரண்டு அறை விடுவேன்.

அடுத்த வாரம் மெனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு முக்கியமான ஆளுங்க வாறாங்க. கம்பெனிப் பெரியவரே கூட வாறாரு. மாணிக்கத்துக்கு பல்லு வீங்கி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். மேசையை நீதான் பாக்கணும். ஒழுங்கா செஞ்சியன்னா உன்னோட பெர்மனன்ட் பேப்பரை அவர்கிட்ட அன்னைக்கே நீட்டுறேன்."

"சரிங்க சேர்."

யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா? தேயாது. ஆனால் கேஷுவல்காரனுக்கு எதற்கு அதெல்லாம்?

மறுநாள் காலையில் மெனேஜர் தோட்டத்து வெள்ளைப் பூக்களையெல்லாம் வெட்டிக் கட்டிக்கொண்டு காரில் போனார். மேசைக்கு வைக்க வேண்டிய பூவைக் காரில் ஏன் கொண்டு போகிறார் என்று நினைத்தேன். மாணிக்கம் அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டேன். அவர் உடம்பு என் உடம்பைப் போல் இரண்டு. கோட்டின் கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. கண்ணாடியில் பார்த்தபோது ஒரு யோசனை வந்தது: கோட்டு பெர்மனன்ட், உள்ளே இருப்பவன் கேஷுவல். சொல் கோட்டைச் சேர்ந்ததா, ஆளைச் சேர்ந்ததா? 'அவங்கவங்க இடம் தெரிஞ்சு பேசணும்' என்று மெனேஜர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆளைத்தான் சேர்ந்தது என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் நேர்மையாக எடுத்த முடிவுகளில் இதுவும் ஒன்று.

பகல் சாப்பாட்டுக்கு மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா. கறுப்பு உடுப்பு, சப்பாத்தெல்லாம் மண். பக்கத்தில் அவருடைய மகன். எதிரில் கம்பெனிப் பெரியவர். மெனேஜர் சுவரோரம் கையைக் கட்டி நின்றார். அந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சூப்பை வைத்தேன். கோட்டின் கையும் சூப்புக்குள் இறங்கி ஏறியது. "மேடம், கரட் சூப். யம்மி."

ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி, ஒரு சத்தமும் இல்லாவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம். எனக்குத் தைரியம் வந்தது.

அடுத்து சோறு, கோழி ரோஸ்ட், பலாக்காய்க் கறி. பலாக்காய்க் கறியை அந்த அம்மாவின் தட்டில் வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து, கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, தலையைச் சாய்த்து, மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னேன்:

"டு டை ஃபோர், மேடம்."

கண்ணைத் திறந்தேன். அந்த அம்மாவின் கையில் கரண்டி பாதி வழியில் நின்றிருந்தது. மகன் தன் தட்டையே பார்த்தார். மெனேஜர் சுவரோரம் நின்று, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டினார். குறை, குறை என்று. சத்தம் கூடிவிட்டது என்று புரிந்துகொண்டேன். குனிந்து, அந்த அம்மாவின் காதுக்குப் பக்கத்தில், மெதுவாக, உருக்கமாக மறுபடி சொன்னேன்:

"டு டை ஃபோர்."

கம்பெனிப் பெரியவருக்குப் புரையேறியது. தண்ணீரைக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் அழுத்தமாக ஏதோ சொன்னார். நீளமான வாக்கியம். அதில் எனக்குப் பிடிபட்டது இரண்டே சொல். 'ஃபாதர்ஸ்' என்று ஒன்று. 'கிரேவ்' என்று ஒன்று.

கல்லறை என்றால் எனக்குத் தெரியும். சவக்காலை என்றால் தெரியும். 'கிரேவ்' என்ற சொல்லை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஆனால் 'கிரேவி' எனக்கு நன்றாகத் தெரியும். கோழி ரோஸ்டுக்கு ஊற்றுகிற குழம்பு. அன்றைக்கு அதை மேசைக்குக் கொண்டுவர மறந்திருந்தேன். ஐயையோ, அதைத்தான் பெரியவர் கேட்கிறார், இந்த அம்மாவின் அப்பாவுக்குக் கிரேவி என்றால் உயிர் போலிருக்கிறது என்று விளங்கிக்கொண்டு, "யெஸ் சேர்! சொறி சேர்!" என்று சமையலறைக்கு ஓடினேன். வெள்ளிக் குவளையில் ஆவி பறக்கக் கொண்டு வந்து அந்த அம்மாவின் முன்னால் வைத்தேன்.

"ஃபாதர்ஸ் கிரேவி, மேடம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவுட் ஒஃப் திஸ் வேர்ல்ட்" என்று சொல்லி, விரலால் மேலேயும் காட்டினேன்.

அந்த அம்மாவின் அப்பா அந்தத் தோட்டத்தில் துரையாக இருந்தவர். இந்த அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கேயே காய்ச்சலில் இறந்து, மலை மேட்டுக் கல்லறையில் அடக்கமானவர். இத்தனை வருடத்துக்குப் பிறகு அன்று காலையில்தான் மகள் வந்து பூ வைத்துவிட்டு, நேரே சாப்பிட வந்து உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். என் விரல் காட்டிய திசையில், ஜன்னலுக்கு வெளியே, அந்த மேடு இருந்தது என்பதும் பிறகுதான் உறைத்தது.

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். இந்தச் சொற்களையெல்லாம் நீ ஏன் சொல்கிறாய் என்று.

தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, உண்மையைச் சொன்னேன்.

"ஐ ஆம் கேஷுவல், மேடம். பெர்மனன்ட் இஸ் ஒன் லீவ்."

அந்த அம்மா துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தை எடுத்தபோது கண் ஈரமாக இருந்தது. அது முதலிலேயே ஈரம்தான். பிறகு கேட்டார், எத்தனை வருடமாகக் கேஷுவல் என்று.

"இலெவன் இயர்ஸ், மேடம்."

அந்த அம்மா கம்பெனிப் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் மெனேஜரைப் பார்த்தார். மெனேஜர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த அம்மா கரண்டியை மறுபடி எடுத்தார். பலாக்காய்க் கறியை எடுத்துச் சாப்பிட்டார். முடித்துவிட்டு, தட்டை என் பக்கம் கொஞ்சம் நீட்டினார். நான் இன்னும் கொஞ்சம் போட்டேன். அன்றைக்கு முழுவதும் அந்த மேசையில் எனக்கு ஒழுங்காக விளங்கிய பேச்சு அது ஒன்றுதான்.

கார் போனதும் மெனேஜர் சமையலறைக்குள் வந்து குதித்தார்.

"மானத்தை வாங்கிட்டியேடா! பலகையில எழுதிப் போட்டாங்கதானே? கேஷுவல் எது, நியூட்ரல் எதுன்னு படிச்சியா இல்லியா?"

"படிச்சேங்க சேர். அதான் கேஷுவல் மட்டும் பேசினேன்."

"நியூட்ரல்னா ஆர்ட்டயும் பேசலாம். கேஷுவலை ஆர்ட்ட பேசறதுன்னு இல்ல?"

அப்போதுதான், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, நான் ஒரு கேள்வி கேட்டேன். தலையைச் சொறியவில்லை.

"கேஷுவல்னா என்னாங்க சேர்?"

"கேஷுவல்னா... சும்மா. வீட்டுல பேசுற மாதிரி. லேசா, சும்மா பேசுறது."

"அப்ப நான் பதினோரு வருசமா இங்க சும்மாவா இருந்தேன்?"

மெனேஜர் வாயைத் திறந்தார். அவருக்கு மூன்று மொழி தெரியும். மூன்றிலும் கோட்டைக் கழற்றச் சொன்னார். நான் கோட்டைக் கழற்றி, சூப்பில் நனைந்த கையை அலசி, கொடியில் போட்டேன். நாளை முதல் வர வேண்டாம் என்பார்கள், வாளிகளுக்கு நடுவிலேயே கவிதா படித்து முடிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பெர்மனன்ட். அந்த அம்மா ஏதாவது சொன்னாரா, பெரியவருக்கே வெட்கம் வந்ததா, தெரியாது. கடிதத்தில் இரண்டு விஷயம் தெளிவாக இருந்தது. ஒன்று, என் வேலை அந்த மாதத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறதாம். அதற்கு முந்திய பதினோரு வருடம் நடக்கவே இல்லையாம். சும்மாதான் இருந்திருக்கிறேன். இன்னொன்று, நான் சமையலறைக்கு மட்டும். சாப்பாட்டு அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மாணிக்கம் அண்ணன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "டேய் சுப்பா, எங்க நாட்டுக்கு நீ வர்றதுக்கு விசா இல்லயாம்டா" என்று வீக்கம் வற்றிய கன்னத்தோடு சிரித்தார்.

மெனேஜர் பிறகு கொழும்பில் பெரிய ஹோட்டலுக்குப் போய்விட்டார். அங்கே யாருக்கு என்ன மொழிபெயர்க்கிறாரோ. எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை. கூரை இங்கேயும் ஒழுகுகிறது. ஆனால் ஒரே இடத்தில்தான் ஒழுகுகிறது. இதுவும் பெர்மனன்ட்.

கவிதா இப்போது பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாள். எந்தச் சொல்லை எழுதினாலும், கையைத் தூக்கித் தலையைச் சொறிகிற பிள்ளையிடம் முதலில் போய் நிற்பாளாம். அவள் எனக்குச் செய்த மரியாதை அதோடு சரி. வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால், "அம்மா, ஃபாதர்ஸ் கிரேவி இருக்கா?" என்றுதான் கேட்பாள். எங்கள் வீட்டில் குழம்புக்கு இப்போது அதுதான் பெயர். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்கூட, கிண்ணத்தோடு வந்து, "மாமி, கொஞ்சம் ஃபாதர்ஸ் கிரேவி தரச் சொன்னாங்க" என்கிறார்கள்.

போன கிழமையும் கவிதா அப்படியே கேட்டாள். அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டை நீட்டினேன். செல்வி குழம்பை ஊற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னுமா கோவம் போகல?"

"போகல."

"இது கேஷுவல் கோவமா, பெர்மனன்டா?"

"பெர்மனன்ட்" என்றேன். "முதல் நாள்லருந்தே."